சதுரங்கப்பட்டினத்துக் கோழிக் கொட்டகையில் நான் பேசியது

2003, மாசி மாதம். காலை ஏழு மணிக்குச் செங்கல்பட்டில் பேருந்து ஏறினேன். திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். கட்டணம் ஒன்பது ரூபாய். கால்நடைக் கல்லூரியில் பாடம் சொல்லி ஓய்வுபெற்றவன் நான். அங்கே கஸ்தூரி என்ற பெண் பிராய்லர் கோழிகளுக்கு மூலிகைச் சாறு கொடுத்து வளர்க்கிறாள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன்.

டச்சுக் கோட்டையைத் தாண்டி, சவுக்குத் தோப்பை ஒட்டி அவள் கொட்டகை. குஞ்சும் தீவனமும் மருந்தும் ஒரு கம்பெனி தருகிறது. கொட்டகையும் உழைப்பும் அவளுடையவை, எடைக்கேற்பக் கூலி. கம்பெனி மருந்தைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

"தீனில கை வைக்க மாட்டேன் சார், சூப்பர்வைசரு மோந்து பாப்பான். குடிக்கிற தண்ணில ஊத்திடுவேன்," என்றாள். கீழாநெல்லி, பூண்டு, மஞ்சள் அரைத்து வடிகட்டிய சாறு. கம்பெனியின் ஆன்டிபயாடிக் பொடி மூலையில் பிரிக்காமல் கிடந்தது. "இத்த துன்ன கோழிய எம் புள்ளைங்களுக்குக் குடுக்க மாட்டேன். ஊரான் புள்ளைங்க மட்டும் துன்னலாமா?"

பதினோரு மணிக்கு சூப்பர்வைசர் மோட்டார் சைக்கிளில் வந்தான். சில கோழிகளைத் தராசில் தொங்கவிட்டான். "இன்னாக்கா, எடை சும்மா அள்ளுது! நம்ம பவுடரு வேலைய காட்டுது பாத்தியா?"

"ஆமா தம்பி, உன் பவுடருதான்," என்றாள் கஸ்தூரி, எனக்குக் கண்ணால் ஜாடை காட்டியபடி.

எனக்குப் பொறுக்கவில்லை. "பொடியாவது மண்ணாவது! அத்தனையும் கீழாநெல்லி," என்று ஆரம்பித்து, ஈரல், குடல் என்று வகுப்பே எடுத்துவிட்டேன்.

அவன் மூலைக்குப் போய்ப் பொட்டலங்களைக் காலால் புரட்டினான். "அடுத்த பேட்ச் குஞ்சு உனக்குக் கெடையாதுக்கா."

"எடை இருக்கிறது, நோய் இல்லை. பிறகென்னப்பா குற்றம்?" என்று கத்தினேன்.

"எடை கீது சார், யாரு இல்லன்னா? பவுடரும் எங்க மொதலாளிதான் செய்றாரு. அது வாணாம்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவுறது?"

இதைவிட வெட்கங்கெட்ட நியாயத்தை நான் கேட்டதில்லை. பொடி விற்க வேண்டும் என்பதற்காகக் குழந்தைகள் தின்னும் கறியில் மருந்து போக வேண்டும். நன்றாக வளர்த்தவள் தண்டனை அனுபவிக்க வேண்டும். அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை. ஆனால் கஸ்தூரியைக் காட்டிக்கொடுத்தது அவனல்ல, நான். அவள் ஜாடை எனக்குப் புரிந்தது. புரிந்தும் என் படிப்பைக் காட்டினேன்.

கிளம்பும்போது, வேறு கம்பெனியிடம் பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

"வாணாம் சார். நீங்க பேசுனது போதும்."

திரும்புகையில் கடற்கரைச் சாலை வழியாக வந்தேன். மாமல்லபுரத்தில் இறங்கிச் சிற்பங்களைப் பார்ப்பதாக இருந்தவன், இறங்கவில்லை. சாலையோர உணவகங்களில் வரிசையாகச் சிக்கன் வறுவல் பலகைகள். இனி இங்கே வருவதில் கஸ்தூரியின் கோழி இருக்காது. பொடி தின்ற கோழிதான் இருக்கும். அதற்கு வழி செய்தவன் ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு வந்தேன்.