நாலு நாடு, பன்னிரண்டு நாள், ஒரு பெட்ரோல் பங்க்

எங்கள் தெருப் பெண்களுக்கு வேன் பிடித்துக் கூட்டிப்போவது என் வேலை. சம்பளம் வாங்குகிற வேலை இல்லை. வாய் உள்ளவள் என்று என் தலையில் கட்டினார்கள், நானும் ஆசையாகக் கட்டிக்கொண்டேன். ஏர்வாடி, முத்துப்பேட்டை, நாகூர் என்று எங்கே நேர்ச்சை இருந்தாலும் கீழக்கரையிலிருந்து வேன் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், யாரை ஜன்னலோரம் உட்கார வைத்தால் வாந்தி எடுக்க மாட்டாள், எந்த ஊரில் சுத்தமான கக்கூஸ் இருக்கிறது, எந்தப் பள்ளிவாசலில் பெண்கள் தொழ இடம் உண்டு, எல்லாம் எனக்கு மனப்பாடம்.

இன்னொரு பொறுப்பையும் நானாக எடுத்துக்கொண்டேன். நேர்ந்துவிட்டு நிறைவேற்றாமல் இழுத்தடிப்பவர்களை நான் விடுவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நேர்வார்கள், காய்ச்சல் விட்டதும் நேர்ச்சையையும் விட்டுவிடுவார்கள். நேராக அவர்கள் வாசலில் போய் நின்று, நேர்ச்சையைப் பாக்கி வைத்துக்கொண்டு உனக்கு எப்படியம்மா தூக்கம் வருகிறது என்று கேட்டுவிடுவேன். நான் தெருமுனையில் திரும்பியதுமே கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் உண்டு.

அதனால் சார்ஜாவில் இருக்கும் என் மகள், நீங்களும் வாப்பாவும் வாருங்கள், காரிலேயே நாலு நாட்டையும் சுற்றிவிட்டு வரலாம் என்று போனில் சொன்னபோது எனக்கு மலைப்பே வரவில்லை. மகளும் மருமகனும் மாறி மாறி ஓட்டுவார்கள். இருவருக்கும் சேர்ந்தாற்போல் பன்னிரண்டு நாள் லீவு. சார்ஜாவில் கிளம்பி ஓமானில் மஸ்கட், அங்கிருந்து திரும்பி சவூதிக்குள் போய் மதீனா, மக்காவில் உம்ரா, வரும் வழியில் பஹ்ரைன். கொஞ்சம் நீளமான நாகூர் வேன், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஜமாத் காலண்டரில் முடிந்துபோன மாதத்தின் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பன்னிரண்டு கட்டம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பஹ்ரைன் மட்டும் என் ஆசை. சவூதிக்கும் பஹ்ரைனுக்கும் நடுவில் கடல்மேல் ஒரு பாலம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் எழுதிய கடிதம் ஒன்றில் அது வந்தது. நம்ம பாம்பன் பாலத்தைப் பத்துத் தடவை அடுத்தடுத்து வைத்தால் எப்படியோ அப்படி, ஒருநாள் உன்னைக் கூட்டிப்போவேன் என்று எழுதியிருந்தார். மனிதர் அதிகம் எழுதுகிறவர் இல்லை. எழுதிய ஒன்றிரண்டும் எனக்கு அப்படியே நினைவில் நின்றுவிட்டன. ராமேஸ்வரம் பக்கம் வேன் போகும்போதெல்லாம் பாம்பன் பாலத்தில் ஏறியதும், இதைப்போல் பத்து மடங்கு, எங்க வீட்டு ஆள் அதில் லோடு அடித்திருக்கிறார் என்று எல்லோரிடமும் பெருமை அடித்திருக்கிறேன்.

அவர் துபாயில் ட்ரெய்லர் ஓட்டினார். எங்கள் ஊர் வழக்கத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இவர் வந்தது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு மாத லீவில். ஊரோடு வந்துவிட்டு ஆறு வருடம் ஆகிறது, இன்னமும் டீ வேண்டுமென்றால் அடுப்படி வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமுகிறார். எதையும் வாய் திறந்து கேட்க மாட்டார். கல்லுளிமங்கன் போன வழி காடு மலையெல்லாம் தவிடுபொடி என்பார்கள். இவர் அந்த ரகம். பேசாமலே காரியத்தைச் சாதித்துவிடுவார்.

முதல் வாரம் முழுக்க நானும் மகளும்தான் பேசினோம். ஓமானுக்குள் போகக் காருக்குத் தனி இன்சூரன்ஸ் வேண்டும் என்றாள். விசாவுக்கு வெள்ளைப் பின்னணியில் போட்டோ வேண்டும் என்றாள். ஆறாவது நாளை எட்டாவதாக்கினோம், எட்டை ஆறாக்கினோம். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எந்த ரோட்டில் எத்தனை கிலோமீட்டர் என்று நாங்கள் போனைத் தட்டிப் பார்ப்பதற்குள் மெதுவாகச் சொல்லிவிடுவார். அது சரியாகவே இருக்கும்.

பட்டியல் முடிகிற சமயத்தில்தான், "ஹைமாவச் சேத்துக்க" என்றார்.

மகள் போனிலேயே தேடிப் பார்த்தாள். ஓமானில், மஸ்கட்டிலிருந்து சலாலா போகிற பாதையின் நட்ட நடுவில், பாலைவனத்துக்குள் இருக்கிற ஊர். அவர் சொன்னது அந்த ஊரும் இல்லையாம், அதற்கு முன்னால் ரோட்டோரம் ஒரு பெட்ரோல் பங்க்காம். பக்கத்தில் ஒரு டீக்கடை, தொழுவதற்கு ஒரு அறை. போக ஒரு நாள், வர ஒரு நாள். அங்கே என்ன இருக்கிறது வாப்பா என்று மகள் கேட்டாள். ஒன்றுமில்லை, போகணும் என்றார். அத்தோடு எழுந்து அஸர் தொழப் போய்விட்டார்.

இரண்டு நாளைச் சேர்க்க வேண்டுமானால் இரண்டு நாளைக் கழிக்க வேண்டும். மக்காவிலும் மதீனாவிலும் கை வைக்க முடியாது. மிச்சம் என் பஹ்ரைன்தான். ஒரு பெட்ரோல் பங்க்கைப் பார்ப்பதற்காக நான் முப்பது வருடம் காத்திருந்த பாலத்தை விடுவேனா? ஹைமாவைத் தாளில் எழுதி, அவர் பார்க்கும்படியாகவே ஒரு கோடு போட்டு அடித்தேன். மறுநாள் பார்த்தால், அடித்ததற்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் மறுபடியும் ஹைமா. அதையும் அடித்தேன். மூன்றாம் நாள் அவர் எழுதவில்லை. அந்த இடம் இல்லாவிட்டால் நான் வரவில்லை, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று மகளிடம் போனில் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். வாப்பா இல்லாமல் நாம் எதற்கு உம்மா போகணும், டிக்கெட்டைப் போடவா வேண்டாமா என்று மகள் அழுகிற குரலில் கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

எனக்குக் கோபம் வந்தால் கையில் எடுக்கும் ஆயுதம் ஒன்று உண்டு. இருபத்தாறு வருடமாக அதைத்தான் வீசிக்கொண்டிருந்தேன். மகள் என் வயிற்றில் ஏழு மாதமாக இருந்த சமயம், எங்கள் வீட்டில் போன் வந்த புதிது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கூப்பிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியிருந்தது. நான் பேசமாட்டேன் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன், எங்கள் உம்மாதான் பேசினார்கள். பிறகு கேட்டதற்கு லைன் கிடைக்கவில்லை என்று ஒரே பதில். இரண்டு வாரம் முழுக்கவா ஒருவருக்கு லைன் கிடைக்காது? அன்றிலிருந்து எந்தச் சண்டை வந்தாலும், மீன் வாங்க மறந்துவிட்டு வந்தால்கூட, அந்த இரண்டு வெள்ளிக்கிழமையை இழுத்துவிடுவேன்.

அன்றைக்கும் இழுத்தேன். அஸர் தொழுதுவிட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெண்டாட்டி பிள்ளை என்ன நினைக்கிறது என்று உங்களுக்கு என்றைக்காவது கவலை இருந்ததா, அந்த ரெண்டு வெள்ளிக்கிழமை என்னைத் தவிக்கவிட்ட ஆள்தானே நீங்கள் என்று ஆரம்பித்தேன்.

அவர் செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தார். "அந்த ரெண்டு வெள்ளிக்கிழமையும் நான் அங்கனதான் புள்ள கெடந்தேன்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே வந்து உட்கார்ந்து சொன்னார். சலாலாவுக்கு லோடு ஏற்றிப் போகையில், அந்தப் பங்க்குக்குக் கொஞ்சம் முன்னால் டயர் வெடித்து ட்ரெய்லர் கவிழ்ந்திருக்கிறது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. பின்னால் லாரியில் வந்த பாகிஸ்தான் பட்டான் ஒருவர் இவரை வெளியே இழுத்து, பங்க்கில் தொழுகிற அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பாயில் கிடத்தியிருக்கிறார். ஆம்புலன்ஸ் வரும்வரை தன் துண்டை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு ஹைமாவில் ஆஸ்பத்திரி. அந்த மனிதர் தன் லோடை இறக்கிவிட்டு, இரண்டு வாரம் கழித்துத் திரும்பும் வழியில் மறுபடியும் வந்து, சொந்தத் தம்பியைப் பார்ப்பதுபோல் நாலு நாள் கூடவே இருந்துவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்த லீவில் வந்தபோது அந்தக் காலை இழுத்துத்தான் நடந்தார். ஏணியிலிருந்து விழுந்தேன் என்றார், நானும் நம்பினேன். தைலம் போட்டு உருவிவிட்டவள் நான்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வயிற்றுப் பிள்ளையோடு இருந்தாய், எப்படிச் சொல்ல என்றார். சரி, பிள்ளை பிறந்த பிறகு சொல்லியிருக்கலாமே என்றேன். சொல்லியிருந்தால் திரும்பப் போக விட்டிருப்பாயா என்று கேட்டார். விட்டிருக்க மாட்டேன், அதுதான் உண்மை. போகாமல் இருந்திருந்தால் மகளைக் காலேஜுக்கு அனுப்பியிருக்கவும் முடியாது, இந்த வீட்டைப் பிரித்துக் கட்டியிருக்கவும் முடியாது.

"அந்தப் பாயில கெடக்கும்போது ஒன்னு நேந்துக்கிட்டேன்" என்றார். "புள்ள நல்லபடியாப் பொறந்தா, ஒன்னையும் அதையும் கூட்டிட்டு வந்து, அதே எடத்துல வழியில போற டிரைவருங்களுக்கு என் கையால சோறு போடுறேன்னு. மூணு பேரும் வரணும்ல. நான் மட்டும் எப்படிப் போட?"

யா அல்லாஹ். ஊரிலுள்ள அத்தனை பேர் வாசலிலும் போய் நின்று நேர்ச்சையை நிறைவேற்று என்று விரட்டியவள் நான். என் வீட்டு ஊஞ்சலிலேயே ஒரு நேர்ச்சை இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அதை நிறைவேற்ற வேண்டுமானால் முதலில் என்னிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், சொன்னால் நான் தாங்குவேனா என்று யோசித்தே ஒரு மனிதர் இத்தனை காலத்தை ஓட்டியிருக்கிறார்.

எழுந்துபோய் அந்தக் காலண்டர் தாளை எடுத்துவந்து பஹ்ரைனை அடித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பாலம் எங்கேயும் போய்விடாது, அங்கேயேதான் நிற்கும் என்றேன். ஹைமாவை நான்தான் எழுதினேன், மூன்றாம் நாள் கட்டத்தில், பெரிய எழுத்தில். அதன் கீழேயே நெய்ச்சோறு, தாளிச்சா, ஆட்டுக்கறி என்று வரிசையாக எழுத ஆரம்பித்துவிட்டேன். மஸ்கட்டிலேயே கறி வாங்கிக்கொள்ளலாமா, அந்த டீக்கடையில் அடுப்பு தருவார்களா, எத்தனை பேருக்கு நேர்ந்தீர்கள் என்று கேட்டேன். கணக்கெல்லாம் நேரவில்லை, அன்றைக்கு அங்கே யார் வண்டி நிற்கிறதோ அவர்களுக்கு என்றார்.

மகளிடம் நானே போனில் சொன்னேன். கேட்டு முடித்ததும், அந்த ஒரு நாள் முழுக்க வாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து நான்தான் ஓட்டுவேன், மாப்பிள்ளைக்குக்கூட ஸ்டியரிங்கைத் தர மாட்டேன் என்றாள்.

அந்தப் பட்டான் இப்போது எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ, எங்களுக்குத் தெரியாது. இருபத்தாறு வருடம் நான் தொழுது கேட்ட துஆவில் யார் யாரோ இருந்தார்கள், அவர் இல்லை. என் மகளுக்கு வாப்பாவை மீட்டுக் கொடுத்த மனிதர் அவர். இப்போது ஐந்து வேளையும் என் வீட்டு ஆட்களுக்கு முன்னால் அவருக்குத்தான் கேட்கிறேன்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. போன வாரம் விசாவுக்குப் போட்டோ எடுக்க இருவரும் ராமநாதபுரம் போனோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். திருப்புல்லாணி தாண்டியதும் கேட்டுவிட்டேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை எங்கிருந்து பேசினீர்கள் என்று.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கார்டு போன் இருந்ததாம். அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கட்டிலை விட்டு இறங்கினாராம். ஒரு பக்கம் ஊன்றுகட்டை, ஒரு பக்கம் அந்தப் பட்டானின் தோள். அவ்வளவு தூரம் நடந்து வந்து கூப்பிட்டிருக்கிறார். அந்தப் போனுக்குத்தான் நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்னைக்கி நான் பேசாம இருந்துட்டேனே என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தார். "நீ கோவமா இருக்கேன்னு மாமி சொன்னாக. கோவப்படுறான்னா ஒடம்பு நல்லா இருக்கான்னுதானே அர்த்தம். பட்டான்ட்ட சொன்னேன், வீட்டுல சண்டை புடிக்கிறா, எல்லாம் நல்லா இருக்குன்னு. அவரு அல்ஹம்துலில்லாஹ்ன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டே திரும்பி நடந்தோம்."