அத்தையின் காலை வைத்து நேர்ந்தேன்

அம்மனை நம்பி வாழ்கிற அக்கா தங்கைகளே, அவள் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் என்னால் உட்கார முடியவில்லை. பொதுவாகவே எனக்கு உட்கார வராது. என் வீட்டில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

போன தை மாதம் என் மாமியார் ஆவுடையம்மாளுக்கு வெறும் சளிக்காய்ச்சல் என்றுதான் ஆரம்பித்தது. திடீரென்று மூச்சு விட முடியவில்லை. மும்பை சயானில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரலில் சளி கட்டிவிட்டது, இதயமும் பலவீனம், வயதும் எண்பதை நெருங்குகிறது, பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அத்தை தாராவிக்கு வாழ வந்தவர்கள். மாமா சீக்கிரமே போய்விட்டார். இட்லி அவித்து விற்று மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார்கள். அதோடு நின்றார்களா? தெருவில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும், எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆள் அத்தைதான். இந்தி தெரியாத பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அவர்களுக்காகப் பேசுவதும் அத்தைதான். எங்கள் மாரியம்மன் கோயில் சித்திரைக் கொடைத் திருவிழாவில் பால்குடம் எடுப்பவர்கள் வெறுங்காலோடு தார் ரோட்டில் வருவார்கள். அவர்கள் பாதம் சுடாமல் இருக்க வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே முன்னால் போவார்கள் அத்தை. தான் ஒரு முறைகூடக் குடம் எடுத்ததில்லை. கேட்டால், "எல்லாரும் கொடத்தத் தூக்கிட்டா தண்ணி எவ ஊத்துவா?" என்பார்கள்.

நான் தாயில்லாமல் அந்த வீட்டுக்கு வந்தவள். என் தலைக்கு எண்ணெய் தேய்த்த கை அது. அது படுக்கையில் ஊசியோடு கிடந்ததைப் பார்க்க முடியவில்லை. வராந்தாவில் நடந்தேன். மாடிப்படி ஏறினேன், இறங்கினேன்.

"ஏளா செல்வி, சும்ம ஒரு எடத்துல இரேன்" என்று கணவர் சத்தம் போட்டார்.

மறுபடியும் படிக்கே போனேன். நடுப்படியில் நின்று முந்தானையில் ஒரு ரூபாயை முடிந்துகொண்டு வேண்டினேன். "தாயே, அத்தைய வீட்டுக்கு அனுப்பு. வார சித்திரைக்கு அத்தை பால்குடம் எடுப்பாங்க."

அப்படித்தான் வாயில் வந்தது. "நான் எடுக்கிறேன்" என்று ஏன் வரவில்லையோ, தெரியவில்லை.

மறுநாள் காலையில் அத்தை கண்ணைத் திறந்தார்கள். மாஸ்க்கைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்கள். "ஏளா, தண்ணி வந்துச்சா? டிரம்ம ரொப்புனியா?"

அந்த இடத்திலேயே சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதேன். என் அம்மன் கேட்டுவிட்டாள்!

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: அதிகம் நடக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, வெயிலில் போகவே கூடாது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. மாசி போனது, பங்குனி வந்தது. நேர்ந்ததைச் செய்யாவிட்டால் என்ன ஆகுமோ என்று பயம். செய்தால் அத்தைக்கு என்ன ஆகுமோ என்று அதைவிடப் பயம். சாம்பாரில் உப்பை இரண்டு தரம் போட்டேன்.

"என்னளா, கால்ல வெந்நிய ஊத்துனவ மாதிரி அலையுத?" என்று அத்தையே கேட்டுவிட்டார்கள். சொல்லிவிட்டேன்.

"எங்கால வச்சு நேர நீ யாருளா? ஒனக்குக் காலு இல்லியா?"

"நான் எடுக்கேம்மா. பூசாரிட்ட கேட்டுக்கிடுவோம்" என்றார் கணவர்.

"ஆத்தாட்ட சொல்லியாச்சு. அவ உசுரக் குடுத்துட்டா. இப்பம் போயி மாத்திப் பேசுவியாக்கும்?"

அத்தை முடிவாகச் சொல்லிவிட்டார்கள். வேண்டிப் பெற்ற உயிரை அந்த வேண்டுதலுக்கே பலி கொடுக்கப் போகிறேனோ என்று துடித்துப்போனேன். இந்தத் தடவை எதையும் நேரவில்லை. "என் வாயால வந்தத நீயே சரி பண்ணும்மா" என்று மட்டும் அழுதேன்.

கொடை நாள் வந்தது. மஞ்சள் சேலை கட்டி, சின்னக் குடம் ஒன்றைத் தலையில் வைத்து அத்தை இறங்கினார்கள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். ஊர்வலம் எங்களை விட்டு முன்னால் போய்விட்டது. தெருமுனை திரும்பும் முன்னே அத்தைக்கு மூச்சு வாங்கியது, குடம் ஆடியது. முடிந்தது, நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். ரோடு நெடுக ஈரம். வீட்டு வாசல்தோறும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்தில் வாளியோடு பெண்கள். யார் யாரிடம் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதல் நாற்காலியோடு ஓடிவந்தவள் ஷாகின். அவள் பிரசவத்துக்கு விடிய விடிய வெளியே காத்துக் கிடந்தவர்கள் அத்தை.

"பைட்டோ அம்மா, பைட்டோ" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அத்தை உட்கார்ந்தார்கள். மூச்சு அடங்கியதும் எழுந்து நடந்தார்கள். அடுத்த வாசலில் மறுபடி உட்கார்ந்தார்கள். வாய் மட்டும் ஓயவில்லை. "அங்கன காஞ்சு கெடக்கு பாரு, ஒரு வாளி ஊத்துங்களா!" என்று தலையில் குடத்தோடு எல்லோரையும் வேலை வாங்கினார்கள். கோயிலில் பூசாரி அபிஷேகத்தைத் தொடங்காமல் காத்திருந்தார். அத்தை வந்து தன் கையால் குடத்தைக் கொடுத்த பிறகுதான் அம்மன் தலையில் பால் இறங்கியது. ஒரு சொட்டுகூட வழியில் சிந்தவில்லை.

"என்ன வேண்டுனீங்க அத்தே?" என்று கேட்டேன்.

"இனிமே இவ எங்கால வச்சு நேராம பாத்துக்கோன்னு கேட்டேன்."

இப்போது யாருக்காவது ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டுமென்றால் நான் போகிறேன். என் நிலைகொள்ளாத காலுக்கு அம்மன் வேலை கொடுத்துவிட்டாள். அத்தை வீட்டில் இருந்தபடியே போன் போட்டு, டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று என்னை விரட்டுகிறார்கள்.

கலங்கி நிற்கிற அக்கா தங்கைகளே, மாடிப்படியில் நின்று கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்கும். தைரியமாகக் கேளுங்கள், தைரியமாக நேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் காலை வைத்தே நேருங்கள். சித்திரையில் வாருங்கள், ரோட்டில் தண்ணீர் ஊற்ற நாங்கள் நிற்கிறோம்.