கன்னடம் தெரியாத பூத்துக்காரர்

என் வீட்டுக்காரர் முனிவேலுக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது என்று அப்போதெல்லாம் எங்கள் ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சுத்தப் பொய். ஆனேக்கல் பக்கத்துக் கல் குவாரியில் கால் நசுங்குகிற வரைக்கும் அவர் வாயில் வந்ததெல்லாம் கன்னடம்தான். என்னைக் கட்டிக்கொண்ட பிறகு எங்கள் வீட்டுத் தெலுங்கையும் பிடித்துக்கொண்டு, என் அண்ணன்களோடு தெலுங்கிலேயே சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டார்.

கால் போனவர்களுக்கான ஒதுக்கீட்டில் எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. ஓசூர் சிப்காட்டுக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு ஏது போன்? ஊருக்குப் பேச வேண்டுமென்றால் பூத்துக்குத்தான் வர வேண்டும். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாலும் கத்திப் பேசினால்தான் அந்தப் பக்கம் கேட்கும். எல்லாம் வெளியேயும் கேட்கும்.

அதற்கு எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ரகசியம் வந்தால் பாஷையை மாற்றிவிடுவார்கள். தமிழில் பேசிக்கொண்டிருப்பவன் கன்னடத்துக்குப் போவான், கன்னடக்காரன் தெலுங்குக்குத் தாவுவான். ஆடு மேய்க்கிறவனுக்குக்கூட மூன்று பாஷை புரிகிற ஊரில் இதை என்ன புத்தி என்று சொல்வது! ஆனாலும் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

பூத் திறந்த புதிதில் ஒரு லேத் பட்டறைப் பையன் வந்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. “அண்ணா, கன்னட பருத்தா?” என்று கேட்டான். கன்னடம் வருமா என்று. இவர் அவன் முகத்தைப் பார்த்தார். “இல்லப்பா, நான் சிங்காரப்பேட்டைக்காரன். தமிழு மட்டும்தான்” என்றார். பையன் உள்ளே போய், வேலை போன கதையை அவன் அம்மாவிடம் கன்னடத்தில் சொல்லி ஓவென்று அழுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாகப் போனான்.

அவன் நாலு பேரிடம் சொல்லியிருப்பான். பஸ் ஸ்டாண்டு பூத்துக்காரன் சங்கதி ஊருக்கே தெரியும். பேசிவிட்டு வெளியே வந்தால், “இன்னா தம்பி, மாமனாரு ஒத்துக்கிட்டாரா?” என்று டீக்கடைக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பான். அதனால் ஜனங்கள் வழியில் இருக்கிற பூத்தையெல்லாம் விட்டுவிட்டு எங்களிடம் வந்தார்கள். கன்னடம் தெரியாத பூத் என்றே பெயர் விழுந்துவிட்டது.

எனக்குத்தான் எரிச்சல். ஊர்க் கதை பூராவும் அவர் காதில் விழுகிறது, எனக்கு ஒரு பருக்கை கிடைக்காது. இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டால், “வெய்யிலு” என்பார்.

“எல்லாத்தையும் உள்ளயே வெச்சுக்கினு இருக்கறீங்களே, வயிறு வலிக்கல?”

“வலிக்குது. சோத்தப் போடு.”

சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். முகம் கறுத்து, ஆள் இளைத்துப் போனார். ஒரு தடவை மட்டும், “கேக்கக் கூடாதுன்னுதான் பாக்கறேன் சென்னம்மா. காதுக்கு மூடி இல்லியே” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செல்வம்மா வருவாள். அஞ்செட்டிப் பக்கத்துப் பெண். சிப்காட்டில் ஒயர் கம்பெனியில் வேலை. “அக்கா, இன்னிக்கு இன்னா கொழம்பு?” என்று தமிழில் என்னிடம் கேட்டுவிட்டு, உள்ளே போனதும் கன்னடத்துக்கு மாறிவிடுவாள். அத்திப்பள்ளியில் ஒரு மெக்கானிக் பையனுக்குத்தான் போன். காதல் என்பது அவள் சிரித்துக்கொண்டு வெளியே வருவதை வைத்து நான் ஊகித்ததுதான். இவருக்கு அவள் கதை முழுக்கத் தெரியும்.

ஒருநாள் காலையில் தோளில் துண்டு போட்ட ஆள் ஒருத்தன் வந்தான். கன்னடம் வருமா என்று கேட்டான். இவர் பழக்கத்தில் இல்லை என்று தலையை ஆட்டினார். அவன் தேன்கனிக்கோட்டைக்குப் போன் போட்டுப் பேசிவிட்டுப் போனான். இவர் கட்டையை ஊன்றிக்கொண்டு, நாங்கள் குடியிருந்த பூத்தின் பின்கட்டுக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“அந்தச் செல்வம்மாவோட மாமன் ஆஞ்சப்பன் வந்துக்கிறான். இன்னிக்கு ஷிப்ட் வுட்டு வர்றப்போ கம்பெனி கேட்டாண்ட வண்டிய நிறுத்தி, புள்ளயத் தூக்கிப் போட்டுக்கினு போறானாம். நாளைக்குக் கோயில்ல தாலி. இவனே கட்டறானாம்.”

எனக்குத் திக்கென்றது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “சொன்னீங்கன்னா, உங்களுக்குக் கன்னடம் தெரியும்னு ஊருக்கே தெரிஞ்சுடும். அப்புறம் எவன் வருவான்? இத வுட்டா நமக்கு வேற இன்னா இருக்குது?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா சொல்றீங்க?”

அவர் கட்டையால் என் செருப்பை என் பக்கமாகத் தள்ளினார்.

ஆட்டோவில் போகும்போது வழியெல்லாம் அவரைத்தான் திட்டிக்கொண்டு போனேன். ஷிப்ட் விடுவதற்கு முன்பே போய், வீட்டில் சாவு என்று வாட்ச்மேனிடம் பொய் சொல்லிச் செல்வம்மாவை வெளியே வரவழைத்தேன். அழுதுகொண்டே வந்தாள். அதே ஆட்டோவில் கூட்டி வந்து பின்கட்டில் உட்காரவைத்தேன்.

இவர் ஆஞ்சப்பன் பேசியதை அப்படியே சொன்னார். கன்னடத்தில். முதலில் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் அவர் வாயையே பார்க்க ஆரம்பித்தாள்.

“அண்ணா, உங்களுக்குக் கன்னடம் தெரியுமா?”

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்போ ஞாயித்துக்கிழமை நான் பேசினது எல்லாம்...?”

துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏம்மா, உன்னக் காப்பாத்தினதுக்கு...” என்று ஆரம்பித்தேன். “சும்மா இரு” என்று என்னை அடக்கிவிட்டார். அவளிடம், “போன் இருக்குது. அத்திப்பள்ளிக்குப் பேசும்மா” என்றார்.

அவள் எழுந்தாள். “நீங்க ரெண்டு பேரும் வெளிய போங்க” என்றாள்.

எங்கள் கடையிலிருந்து எங்களையே! ஆனாலும் போனோம். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்க வெயிலில் நின்றோம். கண்ணாடிக்குள் அவள் வாய் அசைவது தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பையன் பைக்கில் வந்து பின் சந்து வழியாகக் கூட்டிப் போனான். போகும்போது என்னிடம் மட்டும் தலையசைத்தாள். இவரைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் ஆஞ்சப்பன் வந்து கடை வாசலில் நின்று கன்னடத்தில் கத்தினான். தான் இந்தப் பூத்தில் பேசியது வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டான். புரியவில்லை என்று இவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “அந்தப் புள்ளைக்கு இஷ்டமில்ல, போ” என்று நல்ல கன்னடத்தில் தெருவே கேட்கச் சொன்னார். வேடிக்கை பார்த்தவர்கள் முகத்தை நான் பார்த்தேன். ஒருத்தரும் ஆஞ்சப்பனைப் பார்க்கவில்லை. இந்தப் பூத்தில் என்னென்ன பேசினோம் என்று அவரவர் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து கூட்டம் பஸ் ஸ்டாண்டு பூத்துக்குப் போனது. அந்தத் தண்டோராக்காரனிடமே! அவன் சொல்லிவிடுவான் என்று தெரிந்தாவது பேசலாமாம். கேட்டதும் எனக்கு எரிந்தது. அலுத்தும் போய்விட்டது.

செல்வம்மா அப்புறம் வரவே இல்லை. நன்றாக இருப்பதாக ஒயர் கம்பெனிப் பெண் ஒருத்தி சொன்னாள்.

இப்போதும் புதிதாக ஒருத்தர் இரண்டு பேர் வந்து, “கன்னட பருத்தா?” என்று கேட்பார்கள். “பருத்தே” என்பார் இவர், வரும் என்று. நம்பரைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கட்டையை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய், அவர்கள் பேசி முடிக்கிறவரை வெயிலில் நிற்பார். மழையானாலும் அப்படித்தான். நொண்டிக் காலோடு ஒரு நாளைக்கு எத்தனை தடவை ரோட்டைத் தாண்டுவது? சொன்னால் கேட்டால்தானே.

நேற்று காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது கேட்டேன்.

“இப்போ வயிறு வலிக்குதா?”

“இல்ல” என்றார். “காலுதான்.”