பெண்கள் பக்கம்

உச்சிமாகாளி நேந்திரங்காயைக் கொதிக்கும் எண்ணெய்க்கு மேலேயே சீவுகிறாள். வில்லைகள் சட்டியில் விழுந்து சடசடக்கின்றன. "கிட்ட வராதிய, தெறிச்சா நான் பொறுப்பில்ல" என்று அவள் அதட்ட அதட்ட, சிப்ஸ் வாங்க வந்தவர்கள் இன்னும் நெருங்கித்தான் நிற்கிறார்கள்.

குற்றாலம் பெரிய அருவிக்குப் போகும் கடைத்தெருவில் அவளுடைய கடை. அகலத் தோள், கட்டைக் குரல், பச்சைப் புடவை, மூக்குத்தி. பெயர் மட்டும் பெற்றவர்கள் வைத்தது. "ஆம்பளைக்கும் வைப்பாவ, பொம்பளைக்கும் வைப்பாவ. அந்த மட்டுக்கும் எங்கய்யா எனக்கு நல்லது செஞ்சிருக்காரு" என்பாள்.

மற்றபடி அந்த வீட்டைப் பற்றி அவள் பேசுவதில்லை. கடையத்தில் அவள் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது பையன்கள் அவள் நடையை நடந்து காட்டினார்கள். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒரே பெஞ்சில் உட்கார யாரும் வரவில்லை. பள்ளியை விட்டாள், பிறகு ஊரையும் விட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்தால் இன்றும் அவள் கை ஒரு கணம் நின்றுவிடும்.

எண்பத்து மூன்றாம் வருஷச் சாரலில் அப்படி ஒரு கூட்டம் வந்தது. தென்காசியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பெண்கள். விஜயம் என்ற துடுக்குக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க ஆம்பளையா பொம்பளையாக்கா?"

கேலி இருக்கிறதா என்று அந்த முகத்தில் தேடினாள் உச்சிமாகாளி. இல்லை.

"பொம்பளதாம்ட்டி."

"அப்பச் சரி. வாங்க, குளிக்கப் போவோம்."

"நான் அருவியில குளிச்சதே இல்ல."

"கடைய இங்கன வச்சுக்கிட்டா? ஏன்க்கா?"

"எந்தப் பக்கம் போவ? ஆம்பளைய பக்கம் போனா அவனுவ கை சும்மா இருக்காது. பொம்பளைய பக்கம் போனா வெரட்டுவாவ."

விஜயம் யோசிக்கவே இல்லை. அடுப்பை அவளே தணித்தாள். நாலு பேர் முன்னும் பின்னும் சூழ்ந்துகொள்ள, உச்சிமாகாளி நடந்தாள்.

பெண்கள் பக்கத்து வாசலில், மஞ்சள் பூசிக்கொண்டிருந்த மாடத்தி என்ற வயற்காட்டுச் சம்சாரி வீட்டு அம்மாள் கையை நீட்டி மறித்தாள். "ஆம்பளைய எங்கன கூட்டிட்டு வாரிய?"

உச்சிமாகாளி வந்த வழியே திரும்பப் பார்த்தாள். விஜயம் அவள் முழங்கையை விடவில்லை.

"இவுக எங்க அக்கா. அக்கா குளிக்காம நாங்களும் குளிக்க மாட்டோம். வழியிலயே உக்காந்திருப்போம். எப்படி வசதி?"

மற்றப் பெண்கள் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் கூட்டம் நெருக்கியது. "விடுங்கம்மா, தண்ணி என்ன தேஞ்சா போவுது!" என்று யாரோ கத்தினார்கள். மாடத்தி கையை இறக்கினாள்.

உச்சிமாகாளியின் உச்சந்தலையில் அருவி அறைந்தது. மூச்சு முட்டியது. அவள் தன் கட்டைக் குரலை ஒளிக்காமல் 'ஓ'வென்று கூவினாள். பெண்கள் பதிலுக்குக் கூவினார்கள். மலையே கூவுவதுபோல் இருந்தது அவளுக்கு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது எதிரே மாடத்தி. இவள் முகத்தை அவள் பார்க்கவில்லை. முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலாகச் சோப்பை நீட்டினாள்.

"கை எட்ட மாட்டேங்கு. கொஞ்சம் தேச்சு விடுட்டி."

உச்சிமாகாளி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சோப்பை வாங்கினாள்.