பதில் பயிற்றுவிப்பாளரின் மூன்று திங்கட்கிழமைகள்

புத்தளம் தில்லையடியில் மணலை நாக்கில் வைத்துப் பார்த்து வாங்குகிறவர் நூர்தீன் ஒருவர்தான். லொறி வந்து அவருடைய ஹார்ட்வெயார் கடை வாசலில் நிற்கும். சாரதி இறங்கி, “கலா ஓயா மணல் நானா, நல்ல ஆத்து மணல்” என்பான். நூர்தீன் வாயே திறக்கமாட்டார். குவியலின் அடியில் கையை விட்டு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில் வைப்பார். உப்புக் கரிக்கவில்லை என்றால்தான் மணல் இறங்கும். மேலே கிடக்கிற மணலை அவர் தொடுவதே இல்லை. மேலே நல்லதைப் போட்டுத்தான் உலகம் ஏமாற்றுகிறது என்பது அவர் கட்சி.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் சொந்த வீடு கட்டும்போது, கொந்தராத்துக்காரர் அல்லாஹ்மீது சத்தியம் செய்து ஆற்று மணல் என்று கொடுத்தது கடல் மணலாகப் போய்விட்டது. இன்றைக்கும் மாரி வந்தால் அந்த வீட்டுச் சுவர் வியர்க்கும். பெயின்ட் வெங்காயத் தோல் மாதிரி உரியும். நூர்தீன் ஒவ்வொரு வருடமும் பெயின்ட் அடிப்பார், ஒவ்வொரு வருடமும் அது உரியும். அதைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு மனிதர்கள்மீதான நம்பிக்கையும் உரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு எந்தக் கடதாசி கைக்கு வந்தாலும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. ஐயாயிரம் ரூபாய்த் தாள், மருந்துத் துண்டு, கலியாணக் கார்ட், எதுவும் தப்பாது. ஊர் சிரித்தது. ஆனால் ஒருமுறை, பதினேழு வயதுக்குட்பட்டோர் உதைபந்தாட்டப் போட்டியில் எதிரணிக்காக மீசையோடு வந்து நின்ற ஒருவனின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை அவர் வெயிலில் தூக்கிப் பிடித்து, சீல் போட்டோக்கொப்பி என்று கண்டுபிடித்தார். அன்றோடு ஊர் சிரிப்பை நிறுத்திவிட்டது. தில்லையடிக் கழகத்தில் எல்லோருமே கடதாசியைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். நூர்தீன் பத்தொன்பது வருடமாக அந்தக் கழகத்தின் செயலாளர். அவர் சந்தேகப்பட்டால் ஏதோ இருக்கும் என்பது ஊர்ப் பேச்சு.

இப்போது அவருடைய சந்தேகம் ஹாசிம்மீது.

ஹாசிமுக்கு நாற்பத்திரண்டு வயது. காலையில் உப்பளத்தில் வேலை, அஸர் தொழுகைக்குப் பிறகு மைதானம். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது, எட்டு வயதில், மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து உம்மா வாப்பாவோடு வள்ளமேறிக் கற்பிட்டியில் வந்து இறங்கியவர். முகாமில் வளர்ந்து, இதே கழகத்தின் பின்வரிசையில் பதினான்கு வருடம் ஆடி, முழங்கால் விட்டுப்போனதும் ஒதுங்கியவர். பழைய பயிற்றுவிப்பாளர் கட்டாருக்குப் போனதும், ஆள் கிடைக்கும் வரைக்கும் என்று சொல்லி ஹாசிமைப் பதில் பயிற்றுவிப்பாளராகப் போட்டார்கள். நான்கு மாதத்தில் பதினொரு மெட்ச். எட்டில் வெற்றி, இரண்டு சமம், ஒன்றில் தோல்வி. வேறு யாராவது என்றால் மாலை போட்டிருப்பார்கள். நூர்தீனுக்கோ மூக்கில் வியர்த்தது. உப்பு அள்ளுகிற மனிதன் திடீரென்று இவ்வளவு வெல்கிறான் என்றால் அடியில் வேறு மணல் இருக்க வேண்டும்.

ஹாசிம் அவரைக் “காக்கா” என்று கூப்பிடுவதும் நூர்தீனுக்குப் பிடிக்கவில்லை. அண்ணனை ஊரே நானா என்கிறது, காக்கா என்பது மன்னார்ப் பேச்சு. முப்பத்திநாலு வருடம் புத்தளத்துத் தண்ணீரைக் குடித்தும் நாக்கு மாறவில்லை என்றால் மனம் எங்கே மாறியிருக்கப் போகிறது என்று அவர் நினைத்தார். ஹாசிமின் பெயரும் மன்னார் வாக்காளர் இடாப்பில்தான் இருந்தது. தேர்தல் வந்தால் பஸ்ஸில் அங்கே போய் வாக்குப் போட்டுவிட்டு வருவார். அங்கே பெயர் இருந்தால்தான் என்றைக்காவது ஒரு துண்டுக் காணி, ஒரு வீட்டுத்திட்டம் என்று கிடைக்கும். அப்படி வைத்திருந்தவர்கள் நிறையப் பேர். நூர்தீன் அதை ஒரு கால் அங்கே ஒரு கால் இங்கே என்று சொல்லுவார். இரண்டு வருடத்துக்கு முன், நிரந்தரப் பயிற்றுவிப்பாளர் புத்தளத்தில் பதிவுள்ளவராக இருக்க வேண்டும் என்று கழகத்தில் ஒரு விதி கொண்டுவந்தவரும் அவரேதான்.

அந்த ஒரு தோல்வி மன்னாரிலிருந்து வந்த அணியோடு. நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டாவது கிழமை. இடைவேளைக்குத் தில்லையடி ஒரு கோல் முன்னால். அடித்தவன் இன்ஷாப், கழகத்தின் உயிர் என்று சொல்லத்தக்க முன்வரிசைக்காரன். இடைவேளையில் ஹாசிம் இன்ஷாபின் காதில் என்னவோ சொல்வதை நூர்தீன் பார்த்தார். இரண்டாம் பாதி தொடங்கிப் பதினைந்து நிமிடத்தில் இன்ஷாபை வெளியே எடுத்தார் ஹாசிம். நொண்டலும் இல்லை, காயமும் இல்லை. பிறகு மன்னார் இரண்டு கோல் அடித்தது. மெட்ச் முடிந்து ஹாசிம் மன்னார் அணி மனேஜரின் தோளில் கைபோட்டுக் கதைத்துக்கொண்டு நின்றார். ஏன் எடுத்தார் என்று கேட்டதற்கு இன்ஷாப் தலையைக் குனிந்துகொண்டு, “கோச் செல்லிட்டாரு” என்றதோடு சரி.

அதற்குப் பிறகுதான் அந்தத் திங்கட்கிழமைகள். அடுத்தடுத்து மூன்று திங்கள் ஹாசிம் பயிற்சிக்கு வரவில்லை. “ஒரு சின்ன வேலை” என்று மட்டும் சொல்லியிருந்தார். மூன்றாம் திங்கள் நூர்தீன் டவுனுக்குச் சாமான் எடுக்கப் போயிருந்தார். மன்னாரிலிருந்து கொழும்பு போகிற பஸ் வந்து நின்றது. கையில் ஒரு பைலோடு இறங்கினார் ஹாசிம். நூர்தீன் பெயின்ட் டின்களுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று பார்த்தார். அவருக்கு அன்றைக்கு இருந்த சந்தோசத்தை மறைப்பானேன், சந்தேகம் பலித்தவனின் சந்தோசம் அது.

வீட்டில் மனைவி சுல்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மன்னார்க் கழகத்துக்குக் கோச்சாகப் போகப் பேசி முடித்துவிட்டான், நம்முடைய மெட்ச்சை அதற்காகத்தான் விட்டுக் கொடுத்தான், இங்கே நிரந்தரமாக்கிவிட்டால் அதைக் காட்டி அங்கே விலை ஏற்றுவான்.

சுல்பா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். “அந்த மனிசன்ட்டயே ஒரு வார்த்த கேட்டா என்ன?” என்றாள்.

“கேட்டா உண்மையச் செல்லுவானா?”

“மணல்ட்ட கேக்க ஏலாது எண்டுதான் நக்கிப் பாக்குறீங்க. மனிசன்ட்ட கேக்கலாம்தானே.”

நூர்தீன் சுவரைப் பார்த்தார். சுவரில் புதிதாக ஒரு இடம் உரியத் தொடங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, நிரந்தரப் பயிற்றுவிப்பாளரைத் தெரிவுசெய்யக் கழக அறையில் கூட்டம். ஏழு பேர். இரண்டு பெயர்கள்: ஹாசிம், அடுத்தது நிக்கொலஸ் மாஸ்டர். நிக்கொலஸ் மாஸ்டர் தலவிலக்காரர், டவுனில் குடியிருக்கிற ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர், அவரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பெயர் கொடுத்தவர் அறைக்குள் இருக்கக்கூடாது என்பது கழக வழக்கம். ஆகவே ஹாசிம் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். யன்னலால் பார்த்தால் அவர் தெரிவார். தலைவர் நஜாத் ஹாசிமுக்குச் சாதகமாகத்தான் பேச்சைத் தொடங்கினார். பதிவுக் கடிதத்தை நியமனத்துக்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் தரலாம் என்றார். அறையும் தலையாட்டியது.

நூர்தீன் எழுந்தார். காதில் சொன்னது, இன்ஷாபை எடுத்தது, தோளில் கை, மூன்று திங்கட்கிழமை, மன்னார் பஸ், பைல். ஒவ்வொன்றாக வைத்தார். பொய் ஒரு சொல் இல்லை. கண்டதைத்தான் சொன்னார். கடைசியில், “நான் ஒண்டும் செல்லல்ல. நீங்களே யோசிச்சுக் கொள்ளுங்க” என்று உட்கார்ந்தார். யோசிப்பதற்கு அவர் என்ன மிச்சம் வைத்திருந்தார்? நிக்கொலஸ் மாஸ்டருக்கு ஐந்து கை எழுந்தது. ஐந்தாவது கை நஜாத்துடையது.

முடிவைச் சொல்லவேண்டியது செயலாளரின் வேலை. நூர்தீன் மைதானத்துக்குப் போனார். ஹாசிம் கோடு போடுகிற டின்னைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அதுவும் நூர்தீனுக்குச் சந்தேகமாக இருந்தது.

“மாஸ்டர் நல்லவர், காக்கா” என்றார் ஹாசிம். “ஒண்டு மட்டும் அவருக்குச் சொல்லிருங்க. அவர் வேற மார்க்கம், தெரிஞ்சிருக்காது. பெருநாளைக்குப் பிறகு வாற ஆறு நோன்ப இன்ஷாப் விடமாட்டான். மெட்ச் நாளும் பிடிப்பான். வாயால சொல்லவும் மாட்டான். இடைவேளையில தண்ணிய வாயில வெச்சுத் துப்புறானா எண்டு பாக்கணும். துப்பினா பதினஞ்சு நிமிசத்துல எடுத்துரணும். இல்லாட்டி விழுந்துருவான்.”

நூர்தீன் கேட்டார்: “மன்னார் மெட்ச்லயும் அதா?”

“ஓம். யாருக்கும் சொல்லாதீங்க கோச் எண்டான். அவனுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில உள்ள விசயம், நான் என்னத்தச் சொல்ல.”

“அப்ப அந்த மனேஜர்?”

“என்னோட ஒரே வள்ளத்துல வந்தவர். திரும்பிப் போய்க் குடியேறிட்டார்.” ஹாசிம் கைச் சுண்ணாம்பைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, பைக்குள்ளிருந்து அந்தப் பைலை எடுத்தார். “இது இனித் தேவைப்படாது. விதி போட்டவர் நீங்கதானே, நீங்களே வெச்சிருங்க.”

உள்ளே இரண்டு கடிதம். ஒன்று மன்னார் பக்கத்துக் கிராம உத்தியோகத்தருடையது. ஹாசிமின் வேண்டுகோளின்படி அவருடைய பெயர் அங்குள்ள இடாப்பிலிருந்து நீக்கப்பட்டது என்றிருந்தது. மற்றது தில்லையடியுடையது. பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறார், அடுத்த வருட இடாப்பில் பெயர் சேரும். நூர்தீனின் கை தன்பாட்டில் மேலே போய் முதல் கடிதத்தை வெயிலுக்கு நேரே பிடித்தது. சீல் அசல். கையெழுத்து அசல். திகதியும் அந்த மூன்றாம் திங்கட்கிழமைதான்.

“மூணு தரம் அலைய வேண்டி வந்துச்சு” என்றார் ஹாசிம். “பேரை வெட்டுறதுக்கு யாரும் வாறதில்லையாம், அவங்களுக்கும் நம்பிக்கை வரல்ல. வாப்பாட காணிக்கு எண்டிருந்த வீட்டுத்திட்டமும் அதோட போச்சு. உம்மா மூணு கிழமையா என்னோட கதைக்கிறதில்ல.” சிரிக்கிற மாதிரி ஒரு முகம் காட்டினார். “இந்த வருசம் ரெண்டு ஊர்லயும் என்ட பேர் இல்ல, காக்கா.”

அவர் டின்னை எடுத்துக்கொண்டு மிச்சக் கோட்டைப் போடப் போனார். மாஸ்டர் முதலாம் திகதிதான் வருவார். அதுவரைக்கும் கோடு போட ஆள் வேண்டும்.

நூர்தீன் அங்கே நிற்க முடியாமல் நேரே நஜாத்தின் வீட்டுக்கு நடந்தார். வழியில் இரண்டு பேர் ஸலாம் சொன்னதும் அவர் காதில் விழவில்லை. வெட்கமும் பதற்றமும் அவரைப் பிடித்து உலுக்கின. இருபத்தைந்து வருடத்தில் முதல்தடவையாக ஒரு மனிதனை முழுதாக நம்பியிருந்தார், அந்த நம்பிக்கையை நஜாத்தின் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று இருந்தது. மாஸ்டருக்கு இன்னும் கடிதம் அனுப்பவில்லை. கடிதம் எழுத வேண்டியவரே அவர்தான். திருத்த நேரம் இருக்கிறது.

நஜாத் முன்னறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நூர்தீன் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார். நோன்பு, வள்ளம், வெட்டிய பெயர். “நான் பிழை விட்டுட்டன் நஜாத். ஹாசிம் நல்ல மனிசன். கூட்டத்த திரும்பக் கூட்டுவம்.”

நஜாத் கோப்பையைக் கீழே வைத்தார். நூர்தீனை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை நூர்தீனுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. எத்தனையோ லொறிச் சாரதிகளை அவர் அப்படிப் பார்த்திருக்கிறார்.

“ரெண்டு மணிக்கு மெட்ச் வித்தவன் எண்டீங்க” என்றார் நஜாத் மெதுவாக. “நாலு மணிக்கு நல்ல மனிசன் எண்டுறீங்க. இடையில ஹாசிம் உங்களுக்கு என்ன செஞ்சு தாறதாச் சொன்னாரு நானா?”

“அல்லாஹ்மீது சத்தியமா ஒண்டும் இல்ல. இந்தா, கடிதத்தப் பாருங்க.”

நஜாத் கடிதத்தை வாங்கினார். எழுந்து யன்னலடிக்குப் போய் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சீல் ஒரு மாதிரி மங்கலா இருக்கே, நானா” என்றார்.