வேலி தாண்டிய மாத்திரை

முதல் பிரசவத்துக்குப் பிறகு நான் பிள்ளையைத் தூக்கவில்லை. அழுதால் அழட்டும் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். எழுபதுகளின் கடைசி அது. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இதற்கு ஒரே காரணம்தான் சொல்வார்கள்: யாரோ சோற்றில் செய்வினை மருந்து வைத்துவிட்டார்கள்.

"வச்ச மருந்த எடுக்காம, மாத்திர வாங்கிக் குடுத்துக்கினு கீறான்" என்று மாமியார் என் கணவரைக் கரித்துக்கொட்டினார்.

கணவர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டிய காஞ்சிபுரம் டாக்டர் மேல் எனக்கும் சந்தேகம்தான். ஊசி போடாதவர் என்ன டாக்டர்? "மூளைக்கு ஒரு வேலி இருக்கும்மா. ரத்தத்துல வர்ற எல்லாத்தையும் உள்ள விடாது. இந்த மாத்திரை தாண்டிடும்" என்றார். "நரம்புக்கு நரம்பு சேதி சொல்ற ரசாயனத்தை, அனுப்பின நரம்பே திரும்ப உறிஞ்சிக்கும். மாத்திரை அதைத் தடுக்கும். பலன் தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகும்."

வேலி தாண்டுவது ஆடும் திருடனும்தான். உள்ளே போய் என்னை வேறு யாராகவோ மாற்றிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

மாத்திரை போட்டதும் வாய் வறண்டது, பகலெல்லாம் தூக்கம். மாமியாருக்கு அது போதும். பக்கத்தில் பெருநகர் என்ற ஊரில், வைத்த மருந்தை வாந்தியில் எடுப்பவரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனார். அவர் கொடுத்த பச்சிலைச் சாற்றில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். அதிலிருந்து மயிர் சுற்றிய உருண்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். அதுவரை அவர் இடது கையை விரிக்கவே இல்லை என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொன்னால் யார் நம்புவார்கள், பைத்தியம் என்று பெயர் வாங்கியவளை?

கணவர் விடாமல் மாத்திரையைக் கொடுத்துவந்தார். ஒரு காலையில் பிள்ளை வீறிட்டது. மாமியார் எழுவதற்குள் நான் போய்த் தூக்கிவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பாத்தியா, மருந்து எடுத்ததும் புள்ள மேல ஆச வந்துச்சு. இனிமே இன்னாத்துக்கு மாத்திர? தூக்கிப் போடு" என்றார் மாமியார்.

இந்த ஆசை என்னுடையதுதானா? மாத்திரையோடு வந்தது மாத்திரையோடு போய்விடுமா? டாக்டரிடமே கேட்டேன்.

"இப்ப நிறுத்தினா பழையபடி ஆகலாம். கொஞ்ச மாசம் போகட்டும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னதாகவே பட்டது.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் மாத்திரை அட்டையைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் கண்ணெதிரிலேயே ஒன்றைப் பிரித்து விழுங்கினேன். டாக்டரை அப்போதும் நான் நம்பவில்லை. பிள்ளையை மறுபடி அழவிட்டுப் படுத்துக்கிடப்பேனோ என்றுதான் பயம்.