நான் மிஸ்ஸி ஆனது

பினாங்கில் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றித் தருவார்கள். வாயைச் சுருக்கி ரப்பர் வளையம் போட்டு, உறிஞ்சுகுழல் ஒன்றைச் செருகிவிடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த மருத்துவமனையின் மனநோய்ப் பிரிவில் காலைத் தேநீர் இப்படித்தான் வந்து ஜன்னல் கம்பிகளில் தொங்கும். முதல் நாள், நோயாளிகளுக்கு ஏற்றுகிற ஏதோ மருந்து என்று நினைத்துத் தள்ளி நின்றேன். பிரிவின் தலைமைத் தாதி சிஸ்டர் ரொக்கையா, மலாய்க்காரர், ஒரு பையை எடுத்து என் கையில் வைத்து "மினும்" என்றார். குடி என்று அர்த்தம். குடித்தேன். இனிப்பு என்பது தெரிந்தது. பிடித்ததா என்பது தெரியவில்லை. அந்த வருடங்களில் எனக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தன.

எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தேன். கணவர் சிவநேசன் பினாங்கில் பிறந்தவர், அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. அவருடைய குடும்பமும் முன்னொரு காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து வந்ததுதான். ஆனால் அவர் பேசும் தமிழ் இந்த ஊர்த் தமிழ். நான் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்திருந்தேன். அந்தப் பட்டத்துக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை. உதவியாளராகச் சேர்ந்தேன். கட்டில் விரிப்பு மாற்றுவது, சாப்பாடு கொடுப்பது, தமிழ் நோயாளிகள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வது, இவைதான் வேலை.

கல்யாணத்துக்குச் சில மாதங்கள் முன்பு, என் தம்பியை வீட்டுப் படலைக்கு வெளியே வைத்து இராணுவ ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டியூஷனுக்குப் போகச் சைக்கிளை வெளியே எடுத்திருந்தான். அம்மா எங்கள் வீட்டு ஒழுங்கை முடியும்வரை ஜீப்புக்குப் பின்னால் ஓடினா. நான் சைக்கிளை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய், கொதித்துக்கொண்டிருந்த உலையில் அரிசியைப் போட்டேன். அவன் திரும்பி வரவில்லை. உடலும் வரவில்லை. வீட்டில் எல்லாரும் அழுதார்கள். நான் அழவில்லை. பார்க்க வந்த சனங்கள் என்னை நெஞ்சுரம் உள்ள பிள்ளை என்றார்கள்.

பிரிவுக்கு வாரம் இரண்டு தடவை வந்துபோன உளவியலாளர் மிஸ் ஊய் என்ற சீனப் பெண்ணும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். "நோயாளிகள் எதைச் சொன்னாலும் உன் முகம் மாறுவதில்லை. இந்த வேலைக்கு அது தேவை," என்றார் ஆங்கிலத்தில். ஆஸ்திரேலியாவில் மருத்துவ உளவியல் மேற்படிப்புக்கு என்னைப் பரிந்துரைப்பதாகவும் சொன்னார். அதே நாட்களில் சிஸ்டர் ரொக்கையாவும் கூப்பிட்டுக் கேட்டார். தாதியர் பயிற்சியில் சேர்ந்து முடித்தால், மனநோய்ப் பிரிவுக்கே என்னை எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்வாராம்.

வீட்டில் சொன்னேன். சிவநேசன் கோபப்படவில்லை. "ரெண்டும் ஒண்ணா? டிகிரி முடிச்சிட்டு பெட்பேன் தூக்கப் போறியா? சைக்காலஜிஸ்ட்னா மரியாத இருக்கு. ரெண்டு வருஷந்தானே, நான் சமாளிச்சிக்கிறேன்," என்றார். நியாயமாகத்தான் இருந்தது. ஓம் என்றேன்.

அப்போது கெப்பாலா பத்தாஸிலிருந்து சரோஜாவைக் கொண்டுவந்தார்கள். பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த பெண். வேறொரு ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குழந்தை இறந்து பிறந்திருந்தது. அன்றிலிருந்து சாப்பாடும் தூக்கமும் இல்லை. குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். மிஸ் ஊய் என்னை அவளிடம் அனுப்பினார். நான் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "பயப்பிடாமல் என்னோட கதையுங்கோ சரோஜா," என்றேன்.

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். "நான் ஒண்ணும் கத விடலக்கா. நெசமாவே கேக்குது," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கதைப்பது என்றால் எங்கள் ஊரில் பேசுவது என்று அவள் முதுகிடம் விளக்கினேன். அவள் திரும்பவில்லை. இரண்டு பேருக்கும் தாய்மொழி தமிழ்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனக் கிழவி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் சரோஜாவுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது. குடிக்கப் பிள்ளை இல்லாத பால். ஐஸ் தண்ணீரில் துணியை நனைத்து மார்பில் போடும்படி சிஸ்டர் ரொக்கையா சொன்னார். திரையை இழுத்துவிட்டு, நனைத்தேன், பிழிந்தேன், போட்டேன். துணி சூடேறியதும் எடுத்து மறுபடி நனைத்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்பதும் ஒரு காரணம்.

"வலிக்குதுக்கா," என்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம்."

"என்கிட்ட காட்டவே இல்லக்கா. துணில சுத்திக் கொண்டு போயிட்டாங்க. பேரு வச்சிருந்தேன்."

"என்ன பேர்?"

"கவிதா."

அவள் அழத் தொடங்கினாள். உடம்பு முழுக்கக் குலுங்க, வாயைத் திறந்து அழுதாள். நான் ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துணியைப் போட்டபடி இருந்தேன். குளிர்ந்த நீர் முழங்கை வரை வழிந்தது. அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. சாயந்தரம் அவள் கொஞ்சம் கஞ்சி குடித்தாள்.

மிஸ் ஊய்க்கு ஒரே சந்தோஷம். "பார்த்தாயா, உன்னிடம் பேசிவிட்டாள்," என்றார். தம் அறைக்கு அழைத்து, மேற்படிப்புக்கான நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள் என்று என்னைப் பழக்கத் தொடங்கினார். ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறாய்? உன் குடும்பத்திலிருந்து ஆரம்பி. கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?

ஒருவன் என்று சொல்வதா, யாரும் இல்லை என்று சொல்வதா? ஆங்கிலத்தில் சின்னக் கேள்விதான். மிஸ் ஊய் அவசரப்படுத்தாமல் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். அப்படிக் காத்திருப்பது அவருடைய தொழில். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணீர் வரவில்லை. கடைசியில், நோயாளிகளுக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன். அவர் தடுக்கவில்லை. கதவருகில் நான் திரும்பியபோது, என் முகத்தைப் பற்றித் தாம் முன்பு சொன்னதை மறுபடி யோசிப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

சிஸ்டர் ரொக்கையா என்னிடம் கேட்டது, நாள் முழுக்க நிற்க முடியுமா, கால் வீங்குமா என்பதுதான். முடியும், வீங்காது என்றேன். பயிற்சியில் சேர்ந்தேன்.

சிவநேசன் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. பிறகு அவரே என் வெள்ளைச் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டு வைத்தார். ஊரில் இருந்து வருகிறவர்கள், படித்த படிப்பு வீணாகிவிட்டதே என்று இன்னும் வருத்தப்படுகிறார்கள். இதே படிப்போடு கனடாவிலும் லண்டனிலும் நிற்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள், உளவியலா தாதி வேலையா, எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். எது உயர்ந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மிஸ் ஊய் அறைக்குள் அழைத்துப் போன நோயாளிகளில் நன்றாகத் திரும்பி வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த அறையில் என்னால் உட்கார முடியவில்லை. திரைக்குப் பின்னால் நிற்க முடிந்தது. இந்த ஊரில் தாதியை மிஸ்ஸி என்பார்கள். நான் மிஸ்ஸியாகிப் பல வருடங்களாகிவிட்டன.

போன மாதம் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் தொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். முப்பது வயதுக்குள் இருக்கும். யாரோ பின்தொடர்கிறார்கள் என்று கப்பலில் பல நாளாகத் தூங்கவில்லையாம். தமிழ் ஆள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். "கொஞ்சம் தண்ணி தாறியளோ," என்று அவர் கேட்டதுமே ஊர் தெரிந்துவிட்டது. தண்ணீர் கொடுத்துவிட்டு, "கடைசியா எப்ப தூங்குனீங்க? தலை வலிக்குதா?" என்று கேட்டேன்.

அவர் கவனமாகக் கேட்டுப் பதில் சொன்னார். ஒரு சொல்லையும் நான் திருப்பிக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் முகம் இளகியது. "அக்கா, நீங்கள் இந்த ஊர் ஆளெண்டாலும் எங்கட தமிழ் நல்லா விளங்குது. ஆரிட்டப் பழகினனீங்கள்?"

"வீட்டில," என்றேன்.

இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு வந்த மலாய்த் தாதி, "ஓராங் மானா?" என்று கேட்டாள். எந்த ஊர்க்காரர் என்று.

"டியா ஓராங் ஜாஃப்னா," என்றேன். 'டியா' என்றால் அவர்; அவர் யாழ்ப்பாணத்துக்காரர் என்று அர்த்தம். 'நாங்கள்' என்பதற்கு மலாயில் 'காமி' என்று ஒரு சொல் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அது எனக்குத் தெரியாமல் இல்லை.

அவர் சட்டைக் கையை மடித்து விட்டுக் கையை நீட்டினார். தாதியிடமிருந்து கருவியை வாங்கி, பட்டையை அவர் புயத்தில் சுற்றி, காற்றடிக்கத் தொடங்கினேன்.